நான் அடைத்த ஓட்டை

கண்ணு, நேற்று மதியம் தளிக்குப் போய் உன் மாமனார் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தேன். போகிறேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நீயும் கூடவே வந்திருப்பாய். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேன் என்றும் சொல்லலாம், கேட்கவில்லை என்றும் சொல்லலாம். அந்தக் கூத்தை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் நீ “விடுங்கப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்று பேச்சை முடித்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாமல் படி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி சைத்ராவுக்குச் சீமந்தம். அது முடிந்த பிறகு இதை அவளிடமும் கொடு. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், இனிமேல் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

வார்ப்புச் சாமான் செய்கிற கம்பெனியில் என் வேலை என்ன என்று சின்ன வயதில் உன் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, “எங்கப்பா தண்ணியில பபிள் பார்ப்பாரு” என்று சொல்லிவிட்டு வந்தாய். டீச்சர் சிரித்தாராம். ஆனால் அதுதான் வேலை. வார்த்து வந்த சாமானின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்குவேன். எங்கேயாவது ஒரு குமிழி வந்தால் அந்த இடத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு வட்டம். ரிஜெக்ட். மேனேஜரே வந்து நின்றாலும் என் வட்டத்தை அழிக்க முடியாது. ரிட்டையர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன், அந்த கர்வம் வீட்டுக்கும் என்னோடு வந்தது. குழாய் சொட்டினாலும், குக்கர் சரியாக விசிலடிக்காவிட்டாலும், “லீக்கைக் கண்டுபிடிக்கிறதுக்கு என்னை விட்டா ஓசூர்ல யாருடா இருக்கான்” என்பேன். நீயும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ வாங்கிய அந்த செகண்ட் ஹேண்ட் காரின் வலது பக்க ஹெட்லைட்டில், மழை பெய்த மறுநாள் காலையில் உள்பக்கமாகப் பனி படிந்தது போல மூட்டம் கட்டியிருந்தது. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சர்வீஸ்ல கேட்டேன்பா. கொஞ்ச நேரம் லைட் எரிஞ்சா தானா போயிடும்னாங்க” என்றாய். எனக்கு வந்ததே ஒரு கோபம். தண்ணீர் உள்ளே போனால் அது லீக், லீக்கை நார்மல் என்று சொல்கிறவன் வேலை தெரியாதவன் என்று சர்வீஸ்காரர்களையும் சேர்த்துத் திட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பம்பரைத் தளர்த்தி லைட்டை முழுசாகக் கழற்றினேன். பல்பு போகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டு, ஒரு ஓரத்தில் சைக்கிள் பம்பின் ட்யூபைச் செருகி, உன் அம்மா துணி ஊறவைக்கிற டப்பில் முக்கிக் காற்றடித்தேன். பின்பக்கத்தில் சுண்டு விரலை விடச் சின்னதாக, வளைந்த ரப்பர் குழாய் ஒன்று இருந்தது. அதன் வாயிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. நான் போட்ட கூச்சலில் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “இதுக்கா இந்தக் கத்து கத்தினீங்க? நான் பாம்போ கீம்போன்னு நெனச்சேன்” என்றாள்.

அந்தக் குழாயின் மூடி எங்கேயோ விழுந்துவிட்டது என்று நானே முடிவு செய்தேன். சிலிக்கான் பசையை வைத்து அதன் வாயை அடைத்தேன், காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. மறுபடி முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி கூட இல்லை. இடது பக்க லைட்டை நான் கழற்றிப் பார்க்கவில்லை, கண்ணு. எங்கள் வேலையில் சந்தேகமான சாமானைக் கையில் எடுத்தால், முதலில் அதன் பக்கத்தில் ஒரு நல்ல சாமானை வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதை நான் அன்று செய்யவில்லை. செய்திருந்தால் அந்த லைட்டிலும் அதே குழாய் மூடியில்லாமல் திறந்தே இருப்பதைப் பார்த்திருப்பேன். அது இருக்க வேண்டிய ஓட்டை. பல்பு எரிகிற சூட்டில் உள்ளே காற்று விரியும், அணைந்ததும் சுருங்கும். அது போகவும் வரவும் வைத்த வழி. அதை அடைத்துவிட்டால், மழையில் கண்ணாடி குளிரும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, கண்ணாடி ஒட்டியிருக்கிற சந்து வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் ஆவியாகி வெளியே போக வழி இருக்காது. இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்றைக்கு உன் தோளைத் தட்டி, “இனி தென்பெண்ணையில இறக்கினாலும் ஒரு சொட்டு உள்ள போவாது” என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “சரிங்கப்பா” என்றாய்.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தளியில் சைத்ராவின் ஊர்த் திருவிழாவுக்கு நீங்கள் இருவரும் போனீர்கள். அப்போதுதான் அவளுக்கு நாள் தள்ளிப்போய், டாக்டரிடம் காட்டி, எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரம். உன் மாமனார், மகளும் மாப்பிள்ளையும் வந்திருக்கிறார்கள் என்கிற ஆசையில், ரோஜாத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் நல்ல தண்ணீரை நிரப்பி, சேறு படிந்த காரைத் தன் கையாலேயே கழுவிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் சைத்ராதான் வண்டி ஓட்டினாள். பொழுது சாய்ந்து தூறல் விழுந்துகொண்டிருந்தது. மத்திகிரிக்கு முன்னால் அந்த வலது லைட் அணைந்துபோனது. எதிரே பூ ஏற்றி வந்த பிக்கப் வண்டிக்காரருக்கு நம் காரின் இடது பக்க ஒற்றை விளக்குதான் தெரிந்தது. யாரோ டூவீலரில் வருகிறார்கள் என்று நினைத்து நடு ரோட்டை ஒட்டியே வந்துவிட்டார். சைத்ரா கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தாள். அவள் அப்படி ஒடித்திராவிட்டால் இந்தக் கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கண்ணாடி உடைந்து, வலது பக்கக் கதவு முழுக்கக் கிழிந்து, அவள் முழங்கையில் சில்லு குத்தி ரத்தம். பயத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டவள் ஆஸ்பத்திரி வரும்வரை கையை எடுக்கவில்லை என்று நீதான் சொன்னாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்கேனுக்காகக் காத்திருந்தோம். உன் மாமனாரும் மாமியாரும் பதறிக்கொண்டு வந்தார்கள். அவர் முகத்தில் உயிரே இல்லை. “கொழந்தைக்கு ஒண்ணும் இல்லியே சம்பந்தி?” என்று என் கையைப் பிடித்தார். நான் கையை உருவிக்கொண்டேன். “ஹெட்லைட்டு உள்ள தண்ணி நின்னு கீதுங்க. பக்காவா சீல் பண்ணி வெச்ச லைட்டு அது. மருந்தடிக்கிற மெஷின்ல காரைக் கழுவுற ஆளுங்களுக்கு வண்டியோட அருமை எங்க தெரியப்போவுது?” என்றேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தது. உன் மாமியாருக்குத் தமிழ் சரியாக வராது, ஆனால் குரல் புரியாமல் இருக்குமா. உன் மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். காவேரிப்பட்டினத்தில் என் அப்பாவும் தென்னை மரத்துக்கு மருந்தடித்தவர்தான், அந்தக் காசில்தான் நான் ஐ.டி.ஐ. படித்தேன். அது அப்போது என் புத்தியில் இல்லை. ஸ்கேன் முடிந்து, குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அவர் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு நம் வீட்டுப் படி ஏறவில்லை.

கதவு வேலையையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டு, ஹெட்லைட்டை மட்டும் நானே பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். போர்ட்டிகோவில் பேப்பரை விரித்து அந்த லைட்டைக் கவிழ்த்தேன். ஒரு கை கொள்கிற அளவு தண்ணீர் கொட்டியது. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு தோல் தோலாக உரிந்திருந்தது, பல்பு செருகுகிற பின்களில் பச்சை பூத்திருந்தது. உன் மாமனாரின் ஸ்பிரேயர் செய்த கோலத்தை உனக்குக் காட்டலாம் என்று இடது லைட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். அதே மெஷினில், அதே தண்ணீரில் கழுவிய லைட். உள்ளே துடைத்துவிட்டாற்போலச் சுத்தமாக இருந்தது. பின்னால் திருப்பினேன். அந்தக் குழாய் இருந்தது, வாய் திறந்தபடி. கண்ணு, பிள்ளையை வயிற்றில் வைத்திருந்த பெண்ணைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது என்னுடைய கை.

அப்போதே எழுந்து போய் உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ உள்ளே டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளேடை எடுத்து அந்தப் பசையைச் சுரண்டினேன். தடயமே தெரியாமல் வழித்து, பேப்பரில் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டேன். பிறகு உன்னைக் கூப்பிட்டு, “பார்றா, பிரஷர்ல அடிச்சதுல சந்து விட்டுடுச்சு” என்றேன். நீ குனிந்து பார்த்தாய். அன்று குப்பையை வெளியே கொண்டுபோய் வைத்தது நீ. வாளியில் கிடந்ததை நீ பார்த்திருக்கிறாய் என்று நேற்றுதான் எனக்கு விளங்கியது. புது லைட் வாங்கி மாட்டினோம். அதை மாட்டும்போது அந்தக் குழாயைத் தொடாமல் விட்டேன், அதற்குக் கூட உன்னிடம் ஒரு கதை விட்டேன், இது புது மாடல் என்று.

லைட்டைப் பற்றி ஒன்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். லேசாக மூட்டம் கட்டினால் பயப்படாதே, லைட்டைப் போட்டு வைத்தால் போய்விடும். சொட்டுச் சொட்டாக வழிந்து அடியில் தேங்கினால்தான் வேலை. பின்பக்கத்து ரப்பர் மூடி விரிந்திருக்கிறதா, கண்ணாடி ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று பார். மூடியைக் கழற்றி நன்றாக உலரவிடு. அவசரப்பட்டு நெருப்பிலோ அடுப்பிலோ காட்டாதே, பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். வெள்ளிப் பூச்சு உரிந்துவிட்டால் அதில் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதுசு வாங்கிவிடு, வெளிச்சம் பழைய மாதிரி விழாது. வண்டி கிளப்பும்போது சுவரில் இரண்டு வெளிச்சமும் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் வண்டியில் பிள்ளை வரப்போகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நீ அடிக்கடி நம் வீட்டுக்குத் தனியாகச் சாப்பிட வந்தாய். சைத்ரா தளியில் இருந்தாள். முகம் வாடியிருந்தது, சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாய். நான் என்ன ஏது என்று கேட்டேனா? பெரிய மனுஷன் மாதிரி புத்தி சொன்னேன். “பொண்டாட்டியோட சண்டையாடா? ஆம்பளைன்னா தப்பு பண்ணா ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்ட” என்றேன். ஞாபகம் இருக்கிறதா? நீ தலையை ஆட்டிவிட்டு ரசம் கேட்டாய். உன் அம்மா கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் ஏன் அப்படிப் போனாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், நான் பசை வைத்ததையும் பிறகு அதைச் சுரண்டியதையும் பார்த்தவள் அவள். நீ எதற்காக வாடியிருந்தாய் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

சீமந்தத்துக்கு அழைக்க உன் மாமனார் நேரில் வரவில்லை, போனில்தான் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் என்னைக் குத்தியது. உன் அம்மா, “சபையில அவர் மூஞ்சிய எப்படிப் பார்ப்பீங்க? முன்னாடியே போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க” என்று பிடித்துத் தள்ளாத குறைதான். நேற்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தமிழில் சொல்ல நாக்கு கூசியது. அவருக்குத் தமிழ் நம்மைப் போலவே வரும், ஆனாலும் கன்னடத்தில் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பெனியில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான், “தப்பாயித்து.” பக்கத்து சீட்டில் ரோஜாக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நான் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

உன் மாமனார் தோட்டத்திலிருந்து கை கழுவிக்கொண்டு வந்தார். “பன்னி பன்னி” என்று வாய்நிறைய அழைத்தார். உங்கள் நிச்சயதார்த்தத்தில் இதே வார்த்தையைக் கேட்டுக் காவேரிப்பட்டினத்து என் தம்பி முறைத்துக்கொண்டு நின்றதும், வாங்க என்பதைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்கிறார் என்று நீ ஓடிவந்து விளக்கியதும் ஞாபகம் வந்தது. அவர் பழையபடி அழைத்துவிட்டார் என்கிற நிம்மதியில் எனக்குத் தைரியம் வந்தது. உட்காராமலே கையைக் கூப்பினேன். “சம்பந்தி, தப்பாயித்து” என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து இறக்கிவிட்டார்.

“அய்யோ, என்னாத்துக்குங்க சம்பந்தி பெரிய வார்த்தை? அதான் மாப்பிள்ளை அப்பவே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரே” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். “‘நான்தான் மாமா விவரம் தெரியாம பசை வெச்சு அடைச்சுட்டேன், தண்ணி அடிச்சதுனால இல்ல. எங்கப்பாவுக்கு விஷயம் தெரியாது, அவர் பேசினத மனசுல வெச்சுக்காதீங்க’ன்னு கால்ல வுழ வந்துட்டாரு. பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கோவம்தான். வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இருக்கிற பொண்ணுங்களே. ரொம்ப நாளு மாப்பிள்ளைகிட்ட முகம் குடுத்துப் பேசல. சைத்ராவும் பேசல. இப்ப பரவால்ல. ஆனா வண்டி விஷயத்துல மட்டும் அவரை நம்புறதுக்கு எங்க வீட்டுல மனசு வரல. எங்க வண்டி சாவியக்கூட அவருகிட்ட குடுக்கறதில்ல, செக்கப்புக்கெல்லாம் நானே கூட்டிப் போறேன். பொறந்தப்புறமும் கொழந்தைய அந்த வண்டியில அனுப்ப மாட்டேன்னு அவ அம்மா சொல்றா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது என் வாயில்தான் இருந்தது. அது நான், உங்கள் மாப்பிள்ளை இல்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. “ஆமாங்க சம்பந்தி. சின்னப் பையன். அவசரப்பட்டுட்டான்” என்றேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் மாமியார் காபி கொண்டுவந்தார், குடித்தேன். சைத்ரா மெதுவாக நடந்து வந்து, உன் அம்மாவுக்கு என்று ஒரு கட்டு ரோஜாவைக் கொடுத்தாள். “மாமா, அவருகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க, எனக்கு இப்ப கோவம் இல்லேன்னு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு” என்றாள். சரிம்மா, சொல்கிறேன் என்றேன். அவள் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பூக்கட்டை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு அருவருப்பாக இருந்தது. பூவின் மேல் இல்லை, என் மேல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா, “சொன்னீங்களா?” என்றாள்.

“சொன்னேன்.”

“என்னான்னு சொன்னீங்க?”

“தப்பாயித்துன்னு.”

“தப்பு ஆச்சு, சரி. யாரு பண்ணதுன்னு சொன்னீங்களா?”

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். அவள் பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தமிழானாலும் கன்னடமானாலும் இதே வசதிதான், கண்ணு. தப்பு ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டால் மழை பெய்த மாதிரி அது தானாக நடந்துவிடுகிறது. கம்பெனியிலும் மீட்டிங்கில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். லீக் ஆயிடுச்சு சார், மிஸ் ஆயிடுச்சு சார். யார் கையிலிருந்து போனது என்று கேட்டு ஆளைப் பிடிப்பவனாக நான் இருந்தேன். என்னை எல்லோரும் அதற்காகவே திட்டுவார்கள். எனக்கென்று வந்தபோது பக்கத்து ஊர் பாஷையைக் கடன் வாங்கி அதற்குள் ஒளிந்துகொண்டேன். உன் அம்மா வாசலிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ சிரிக்கலாம், ஆனால் இருக்கிறது. யாரைக் கேட்டு நீ என் தப்பை எடுத்துக்கொண்டாய்? பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசாமல், மாமனார் வண்டிச் சாவியைக் கையில் தராமல், வாரக்கணக்கில் தனியாகச் சோறு தின்றுகொண்டு, எதிரே உட்கார்ந்து எனக்கு ஞாயம் பேச இடமும் கொடுத்தாயே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “அப்பா, வாயை மூடுங்க” என்று சொல்லியிருக்கக் கூடாதா? நேற்று ராத்திரி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். விடியும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது, அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை.

நாம் பழைய வாடகை வீட்டில் இருந்தபோது தண்ணீர் மோட்டார் கருகிப் போனது நினைவிருக்கிறதா? தொட்டியில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி ஓடிக் கருகியது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனவன் நான். சாயங்காலம் வந்து, யார் போட்டது யார் போட்டது என்று வீட்டைத் தலைகீழாக்கினேன். உன் அம்மா அழ ஆரம்பித்தாள். நீ அப்போது அரை டிராயர் போட்ட பையன். வந்து நின்று, “நான்தாம்ப்பா போட்டேன்” என்றாய். முதுகில் ஒன்று வைத்தேன், வீடு அமைதியானது. நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். உனக்கு அந்த ஸ்விட்ச் எட்டவே எட்டாது என்று எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். வீடு அமைதியாக இருக்க வேண்டுமென்றால் அப்பாவின் தப்பை நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உன்னைப் பழக்கினவன் நான்தான். அப்புறம் இப்போது உன் மேல் கோபப்பட்டு என்ன செய்வது?

நீ அப்பா ஆகப்போகிறாய். உன் பிள்ளைக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிடாதே, நான் உனக்குச் சொல்ல நினைப்பது அது ஒன்றுதான். அது உன்னைப் பார்த்து “நீங்கதாம்ப்பா உடைச்சீங்க” என்று பயமில்லாமல் சொல்ல வேண்டும். சொன்னால் அடிக்காதே. சிரிக்க முடிந்தால் சிரி, முடியாவிட்டால் ஆமாம் என்றாவது சொல். எனக்கு அந்த ஆமாம் சொல்லத் தெரியாமல் போனதால்தான், பிறக்காத பிள்ளையின் உயிரோடு விளையாடிவிட்டு, பாவம் அந்த மனுஷரைப் பார்த்து வண்டியின் அருமை தெரியாதவர் என்று பேசினேன். உன் மாமனார் என்னை விட நல்ல மனிதர், கண்ணு. இதை அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டியவன் நான். உன்னிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சீமந்தத்தில் வளையல் அடுக்கி, எல்லோரும் சந்தனம் பூசி முடித்ததும், சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துகொள்வதற்கு முன்னால் நான் பேசப்போகிறேன். தளிக்காரர்களும் இருப்பார்கள், காவேரிப்பட்டினத்துச் சொந்தமும் இருக்கும், ஆஸ்பத்திரியில் நான் பேசியதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் இருப்பார்கள். நல்லது, இருக்கட்டும். தமிழில்தான் சொல்வேன். லைட்டை அடைத்தது நான், தெரிந்த பிறகு மறைத்தது நான், அன்றைக்கு வீடு தேடி வந்து என் மகன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனதும் நான். உங்கள் மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுங்கள். இவ்வளவுதான் பேச்சு. நேற்றைப் போல மறுபடியும் என் வாய் பின்வாங்கினால், உன் அம்மா எழுந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள்.

உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான். நான் எழுந்து நின்றதும் உனக்கு விஷயம் புரிந்துவிடும். நீ சட்டென்று வந்து, “அப்பா, பந்தி ரெடி, வாங்க” என்று என் கையைப் பிடித்து இழுப்பாய். அப்பாவுக்கு மயக்கம், வெயில், பிரஷர் மாத்திரை போடவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்ப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மட்டும் அதைச் செய்யாதே. சைத்ராவின் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. நான் பேசும்போது தலையைக் குனிந்துகொள்ளாதே, நேராக உட்கார்ந்து கேள். குனிய வேண்டியவன் நீ இல்லையடா.